காஞ்சிரங்காட்டு ஒச்சாயி பானையில போட்ட ஓட்டை

ஒத்தைப்பனைக் கொடி பறக்குற வேம்பூருக்கும், மேக்கே கல்லுமலைக் காட்டுக்கும், தெக்கே மழை எட்டிப் பாத்துட்டுப் போயிடுற கரம்பைச் சீமைக்கும் உடையவளா, இந்த அரியணையில பத்தொம்பது வருஷமா உக்காந்திருக்கிற சொக்கநாச்சி, தன் கூடப்பொறந்த தம்பியோட மகனும், ஈட்டிப்படைக்கு முன்ன நிக்கிறவனும், எல்லை காத்த ராயர்னு நம்ம கையால பட்டம் வாங்கினவனும், கரம்பைச் சீமை முழுசுக்கும் அதிகாரியுமான அடைக்கலராயனுக்கு அனுப்புற ஓலை இது.

உன் சீமைக் கிணறெல்லாம் ஊறட்டும். ஆடுமாடு பெருகட்டும். உன் வாசல்ல வந்து நிக்கிறவங்க வயிறு காயாம திரும்பிப் போகட்டும். உன் வீட்டுக்காரிக்கு அந்த வறட்டு இருமல் விட்டுச்சா? தூதுவளையை நெய்யில வதக்கிக் குடுக்கச் சொன்னேனே, குடுத்தாங்களா? இங்க எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் போகமாட்டேங்குது. ஆனா இது சுகம் விசாரிக்கிற ஓலை இல்ல மருமகனே. மனசு சரியில்லாம உக்காந்து சொல்றேன்.

முதல்ல ஒரு காரியம் செய். ஓலையை வாசிச்சுக் காட்டுற ஆளை இதோட நிறுத்தச் சொல்லிட்டு, கால் வேகமா இருக்கற ஆளாப் பாத்துக் காஞ்சிரங்காட்டுக்கு ஓடவிடு. ஒச்சாயியை யாரும் எல்லை தாண்டி அனுப்பக்கூடாது, அவ அரைக்காணி நிலத்துல யாரும் கால் வைக்கக்கூடாது, நாச்சி சொல்லிட்டாங்கன்னு சொல்லச் சொல்லு. ஆள் போயாச்சா? போனதுக்கப்புறம் மீதியைக் கேளு. பொறுமையாக் கேளு. இதுல உன் தப்பும் இருக்கு. என் தப்பு அதைவிட ரெண்டு மடங்கு இருக்கு.

என்ன இது, அரண்மனை ஓலை இப்படிப் பேச்சு மாதிரி இருக்கேன்னு யோசிப்ப. எழுதுற ஓலைநாயகமும் அதையேதான் கேட்டாரு. அம்மா, கொஞ்சம் திருத்தி எழுதிக்கிறேனேன்னு எழுத்தாணியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. வேணாம், என் வாயில வர்றதை அப்படியே எழுதுங்கன்னு சொல்லிட்டேன். போன தை மாசத்துல பானை விஷயமா ஒரு ஓலை அனுப்பினோமே, ஞாபகம் இருக்கா? அதை எவ்வளவு அழகா எழுதினோம். நீ அதைச் சபையில மூணு தடவை வாசிக்க வச்சதாக் கேள்விப்பட்டேன். அழகா இருந்துச்சு, ஆனா எதுக்குப் பானை, எப்படிப் பானைன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. வந்த வினையெல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுது.

நடந்ததை முதல்லேருந்து சொல்றேன். நீயும் பாதிதான் அறிஞ்சிருப்ப.

கல்லுமலைக்கு அந்தப் பக்கம் தூது போயிட்டு வந்தவங்க ஒரு சங்கதி சொன்னாங்க. அந்த ஊர்க்காரங்க வாய்க்கா வெட்டுறதில்ல, செடிமேல குடத்தைக் கவுக்கறதும் இல்ல. ஒரு மண்பானையைக் கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள புதைச்சு, சுத்தி நாலு விதை போடுறாங்க. பானை நிறையத் தண்ணி ஊத்தி மேல ஒரு ஓட்டுச்சில்லு வச்சு மூடிடுறாங்க. பானைக்கு வேர்க்கும்ல, அந்த வேர்வையைத்தான் செடி குடிக்குது. வெயில் குடிக்கிறதுக்கு மேல ஒண்ணுமே இருக்காது. ஆறு குடம் ஊத்துற இடத்துல ஒரு குடம் போதும், நாலு நாளைக்கு ஒருக்க ஊத்தினாப் போதும்னாங்க. எனக்குக் கரம்பைச் சீமைதான் உடனே ஞாபகம் வந்துச்சு. அதுலயும் காஞ்சிரங்காடு. நாப்பத்தோரு வீடு, ஒரே ஒரு கிணறு, ஆளுக்கு அரைக்காணி. முறை வச்சுத் தண்ணி சேந்துற ஊரு. அங்க பொம்பளைங்க முந்நூறு அடி குடம் சுமந்து ஊத்தின தண்ணியில பாதி செடிக்குப் போறதுக்கு முந்தியே காஞ்சுபோறதை நானே கண்ணால பாத்திருக்கேன்.

சரின்னு வீட்டுக்குப் பதினோரு பானை குடுக்கறதா முடிவு பண்ணினேன். அப்ப ஒரு நெனப்பு வந்துச்சு. முன்ன பஞ்சம் வந்தப்ப அரண்மனைலேருந்து தானியக் குதிர் அனுப்பினோமே, அதுல பாதி விரிசல், தானியம் வழியிலேயே கொட்டிப்போச்சு. கரம்பைச் சனங்க அதைப் பாத்து, வேம்பூர்லேருந்து நமக்குக் காத்து அனுப்பியிருக்காங்கப்பான்னு சிரிச்சாங்களாம். அந்த வெக்கம் எனக்கு இன்னும் ஆறல. அதனால இந்தத் தடவை கண்டிப்பாச் சொன்னேன். ஏழைங்களுக்குப் போறதுதானேன்னு யாரும் அசட்டையா இருக்கக்கூடாது, ஒரு சொட்டு கசியாத பானையா இருக்கணும், ஒவ்வொண்ணுலயும் நம்ம பனை முத்திரை இருக்கணும்னேன். கசியாத பானைன்னு சொன்ன வாய் இதே வாய்தான். கசியறதுக்காகவே புதைக்கிற பானையைப் போய்க் கசியக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சபையில அத்தனை பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தரு கூட வாயத் தொறக்கல.

அரண்மனைக் குயவர் கூத்தன் வேளாரை உனக்குத் தெரியும். அவர்கிட்ட பானை வேணும், கசியக்கூடாது, முத்திரை வேணும்னு மட்டும் போய்ச் சொல்லியிருக்காங்க. புதைக்கப் போறோம்னு யாரும் சொல்லல. அவரு குடிதண்ணிப் பானைன்னு நெனச்சுட்டாரு. அரண்மனை வேலையாச்சேன்னு மண்ணை ஏழு தடவை சலிச்சு, செம்மண் குழம்பைப் பூசி, கூழாங்கல்லு வச்சுத் தேச்சு மினுமினுப்பாக்கி, சூளையில ஒருக்கச் சுடுறதை ரெண்டு தடவை சுட்டிருக்காரு. தட்டினா வெங்கல மணி மாதிரி சத்தம். எனக்கே ஒண்ணைக் கொண்டுவந்து காட்டினாரு. நானும் தட்டிப் பாத்துட்டு, பலே வேளாரேன்னு பட்டு குடுத்து அனுப்பினேன்.

அந்தப் பானை உன்கிட்ட வந்துச்சு. கூடவே என் கட்டளையும் வந்துச்சு. பானையைக் கழுத்து வரைக்கும் புதைக்கணும், தண்ணி வீணாகக்கூடாது, எல்லாத் தண்ணியும் பானை வழியாத்தான் போகணும், செடிமேல நேரா ஊத்தினா கிணத்து முறை போயிடும்னு. நீ சொன்னதைச் சொன்னபடி செய்றவன். கிணத்தடியில ஆளைக் காவல் வச்ச. நாப்பத்தோரு வீட்டுலயும் பானை புதைஞ்சுதா, தண்ணி நிறைஞ்சுதான்னு நீயே குதிரையில போய்ப் பாத்த. எல்லாம் சரியாத்தான் செஞ்ச.

போன வியாழக்கிழமை உன் ஓலை வந்துச்சு. அதோட இன்னும் நாலு தீர்ப்பு ஓலை. எல்லை வழக்கு ஒண்ணு, மாடு திருட்டு ரெண்டு, கோயில் மரத்தை வெட்டின வழக்கு ஒண்ணு. அன்னிக்குக் கல்லுமலைத் தூதுவர் வேற வாசல்ல காத்துக்கிட்டிருந்தாரு. ஓலைநாயகம் ஒவ்வொண்ணாத் தலைப்பை மட்டும் வாசிச்சாரு. காஞ்சிரங்காட்டு ஒச்சாயி, ராசமுத்திரையைத் துளைச்ச குத்தம், நிலம் பறிமுதல், கிணத்து முறை நீக்கம், பௌர்ணமியன்னிக்குப் பறையடிச்சு எல்லைக்கு வெளிய விடுறதுன்னாரு. ராசமுத்திரையைத் துளைச்ச குத்தம்னு கேட்டதும் யாரோ கலகக்காரின்னு நெனச்சுட்டேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு கேக்கல. அரக்கை உருக்கி முத்திரையை வச்சேன். வெள்ளிக்கிழமை விடியக்காலையில குதிரை கிளம்பிடுச்சு.

நான் முத்திரை வச்ச ஓலை நாளைக்கு உன் கைக்கு வந்திடும். இது உன் கைக்கு வர்றப்ப அது வந்து அஞ்சு நாள் ஆகியிருக்கும். பௌர்ணமிக்கு அப்ப ரெண்டு நாள் மிச்சம் இருக்கும். ஆனா நீ சொன்ன நாளுக்கு முந்தியே வேலையை முடிக்கிறவனாச்சே. சின்ன வயசுலேருந்து அந்த வழக்கத்துக்காக நாந்தான் உன்னை மெச்சிக்கிட்டு இருந்தேன். இப்ப அந்த வழக்கத்தை நெனச்சுத்தான் பயமா இருக்கு.

எப்படி எனக்குத் தெரிஞ்சுதுன்னு கேப்ப. சாட்சிப் பொருளை அரண்மனைக்கு அனுப்பணும்னு ஒரு முறை இருக்குல்ல, அதுக்காக அவ துளைச்ச பானையில ஒண்ணைத் தோண்டி எடுத்து வண்டியில ஏத்திவிட்டியே. உன் ஓலை குதிரையில வந்துச்சு, பானை மாட்டு வண்டியில வந்துச்சு. தீர்ப்பு முந்தி வந்து, சாட்சி பிந்தி வந்துச்சு. வண்டி நேத்து இல்ல முந்தாநேத்து, திங்கக்கிழமை காலையில கோட்டை வாசலுக்கு வந்துச்சு. வண்டிக்காரன் பேரு சடையன். காஞ்சிரங்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன். வந்து எறங்கினதும் எறங்காததுமா வாசக்காரங்ககிட்ட சண்டை. இந்தப் பானையைக் கட்டிக்கிட்டு வந்ததுல என் வைக்கோல் பூரா நாசமாப் போச்சு, அரண்மனைதான் மாத்து வைக்கோல் குடுக்கணும், பன்னெண்டு நாள் மாடு அரைவயித்தோட வந்திருக்குன்னு கத்துறான். சத்தம் கேட்டு நான் மாடத்துலேருந்து எட்டிப் பாத்தேன்.

பானை உடையக்கூடாதுன்னு நடுவுல வச்சுச் சுத்தி வைக்கோல் திணிச்சிருக்கு. வழியில மாட்டுக்குத் தண்ணி வேணும்னு அந்தப் பானையிலேயே நிறைச்சுக்கிட்டு வந்திருக்கான். நல்ல காரியம் பண்ணினான். நான் பாத்தப்ப அந்த வண்டிக்குள்ள பச்சையா என்னமோ தெரிஞ்சுது. கீழ எறங்கிப் போய்ப் பாத்தேன். வைக்கோல்ல ஒட்டியிருந்த நெல்லெல்லாம் முளைச்சிருக்கு மருமகனே. பானையைச் சுத்தி ஒரு விரல் உயரத்துக்கு நாத்து மாதிரி நிக்குது. பன்னெண்டு நாள் வெயில்ல, புழுதியில, கல்லுலயும் முள்ளுலயும் ஆடிக்கிட்டு வந்த வண்டியில.

கையை விட்டுத் தடவிப் பாத்தேன். பானையோட அடிவயித்துல, நம்ம பனை முத்திரை இருக்கற இடத்துல, நட்ட நடுவுல ஒரு ஓட்டை. கோணி ஊசி போற அளவு. அதுல பழஞ்சேலைக் கிழிசலைத் திரி மாதிரி முறுக்கிச் சொருகியிருக்கு. திரி நுனியில தண்ணி ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. விழவும் இல்ல, காயவும் இல்ல.

சடையனைக் கூப்பிட்டு, இதை யாருப்பா பண்ணினதுன்னு கேட்டேன். அதான் தாயே, ஒச்சாயி, புருஷன் உப்பு வண்டியோட போய்த் திரும்பி வரவே இல்லையே, அந்தப் பொம்பளைன்னான். மத்த வீட்டுச் செடியெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டேன். செடியா, செடி எங்க இருக்கு, பானைதான் நல்லா இருக்குன்னான். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான். பயப்படாம சொல்லுப்பான்னதும் எல்லாத்தையும் கொட்டினான்.

நாப்பது வீட்டுல பானை கழுத்து நிறையத் தண்ணியோட இருக்காம். பக்கத்துலேயே செடி காஞ்சு சருகா நிக்குதாம். பானையில மோந்து ஊத்தினா முறை போயிடும், ஊத்தாட்டி செடி போயிடும். முறை போனாக் குடிக்கவும் தண்ணி இல்லியே, அதனால யாரும் ஊத்தல. ராசா வீட்டுப் பானைன்னு சில வீட்டுல அதுக்கு மஞ்சளும் குங்குமமும் வச்சிருக்காங்களாம். ஒரு வீட்டுப் பெரியவர் தெனம் காலையில வந்து பானை முன்னால நின்னு, மவராசி, ஒரு வாய் குடேன்னு கேப்பாராம். சடையன் அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். சொல்லி முடிச்சதும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு நின்னுபோச்சு.

அதுக்கப்புறம்தான் உன் ஓலையை எடுத்து வரச் சொல்லி முழுசா வாசிக்கச் சொன்னேன். விசாரணையில அவ சொன்னதை நீ ஒரு எழுத்து விடாம எழுதியிருக்க, அதுக்கு உனக்குப் புண்ணியம். பதினோரு பானையில ஒண்ணுல மட்டும் முத்திரை ஆழமா விழுந்திருந்துச்சு, அங்க மட்டும் மண்ணு ஈரமா இருந்துச்சு, அந்தச் சுரைக்கொடி மட்டும் வாடலன்னு சொல்லியிருக்கா. அதனால தோண்டிப் பாத்தேன், முத்திரை குத்தின இடத்துலதான் ஓடு மெலிசா இருக்கு, உடைஞ்ச அருவா மூக்கை வச்சு மணலும் தண்ணியும் போட்டுத் திருகித் திருகித் துளைச்சேன்னு சொல்லியிருக்கா. ஒரு பானைக்கு ரெண்டு நாள் ஆச்சாம். மூணு பானை துளைக்கிறதுக்குள்ள உள்ளங்கையில தோல் உரிஞ்சிடுச்சாம், அப்பவும் விடாம மிச்ச ஏழையும் துளைச்சிருக்கா. நீ, ராசமுத்திரைன்னு தெரிஞ்சும் கை வச்சியான்னு கேட்டிருக்க. அதுக்கு அவ, தண்ணிக்குத்தான் ரொம்ப மரியாதை தெரியுது சாமி, முத்திரையைத் தாண்டி வரமாட்டேன்னு உள்ளயே உக்காந்திருக்கு, நாந்தான் பரவால்ல வான்னு கூப்பிட்டேன்னு சொல்லியிருக்கா.

நீ அதுக்குப் பக்கத்துலேயே, அரசை எள்ளி நகையாடினாள்னு எழுதி வச்சிருக்க. ஏன்டா, உனக்கு அந்த இடத்துல சிரிப்பு வரலியா? எனக்கு வந்துச்சு. நான் இருக்கற சபையில இந்தப் பத்தொம்பது வருஷத்துல ஒருத்தரும் இவ்வளவு உண்மையா ஒரு வார்த்தை சொல்லல.

சரி, நம்ம கண்ணால பாத்துடுவோம்னு, வேளார் அப்பக் குடுத்துட்டுப் போன நல்ல பானையைக் கொண்டாரச் சொல்லி, நந்தவனத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல புதைச்சுத் தண்ணி ஊத்தச் சொன்னேன். திங்கக்கிழமை ஊத்தினது. நேத்து சாயங்காலம் போய்ப் பாத்தோம். ஒச்சாயி பானையைச் சுத்தி ஒரு முழத்துக்கு மண்ணு கறுத்து ஈரமா, கையில பிடிச்சாப் பிடிபடுற மாதிரி இருக்கு. பானையில பாதித் தண்ணி இன்னும் மிச்சம். நம்ம நல்ல பானையைச் சுத்தி மண்ணு புழுதியாப் பறக்குது. ஒரு சொட்டு குறையல. நான் கேட்ட பானை. கேட்ட மாதிரியே செஞ்சு குடுத்திருக்காங்க.

கூத்தன் வேளாரைக் கூப்பிட்டு விட்டேன். வந்து பாத்தாரு. பாத்துட்டு அங்கேயே மண்ணுல உக்காந்துட்டாரு. புதைக்கிற பானைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தேய்க்காம, அரைச்சூட்டுல எடுத்துக் குடுத்திருப்பேனே அம்மா, எங்க வீட்டுக் கொல்லையில வேர்க்குற பானைன்னு தள்ளி வச்சதே இருநூறு கிடக்கேன்னாரு. அதை ஏன் அனுப்பலன்னு கேட்டேன். அரண்மனைக்கு வேர்க்குற பானையைக் குடுத்தா என் கையை விட்டு வச்சிருப்பீங்களான்னு திருப்பிக் கேட்டாரு. அவருக்குக் குடுத்த பட்டுத்துணியைத் திருப்பித் தர்றேன்னாரு. வேணாம் வேளாரே, அதைக் கிழிச்சுத் திரி போடலாம், வச்சுக்குங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

அதுதான் நடந்தது. இப்ப இங்க உக்காந்து நான் யோசிக்கிறது ஒண்ணுதான். நாப்பது வீட்டுல நம்ம முத்திரை பத்திரமா இருந்துச்சு, செடி செத்துச்சு. அவங்க குத்தமத்தவங்க. ஒரு வீட்டுல செடி பொழைச்சுது. அவ குத்தவாளி. இந்தத் தீர்ப்பை நீ எழுதின, நான் முத்திரை வச்சேன். எந்தச் சண்டையிலயும் நமக்கு இப்படி ஒரு தோல்வி வந்ததில்ல. இது வெளிய யாருக்கும் தோல்வியாத் தெரியல பாரு, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

சடையன் இன்னொண்ணும் சொன்னான். அவளைச் சாவடியில அடைச்ச நாள்லேருந்து கிணத்து முறையும் நின்னுபோச்சுன்னு. அப்ப அந்தக் கொடிக்கெல்லாம் தண்ணி? யாரோ பக்கத்துக் காட்டுக்காரங்க, தங்களுக்குக் கிடைக்கிற ஒரு குடத்துல அரைக்குடத்தைத் தெரியாம கொண்டுபோய் ஊத்துறாங்களாம். யாருன்னு நான் கேக்கல. நீயும் கேக்காதே. ஆனா அரைக்குடத்துல எத்தனை நாளைக்கு? பிஞ்சு விட்டிருக்கிற நேரமாம். நீ சாட்சிக்குன்னு பானையைப் பிடுங்கின எடத்துல இருந்த கொடி அன்னிக்கே போயிருக்கும். மிச்சம் பத்து.

இனிமே சொல்றது கட்டளை. அத்தை சொல்றான்னு நெனக்காதே, சிம்மாசனம் சொல்லுதுன்னு கேட்டுக்கோ.

காஞ்சிரங்காட்டு ஒச்சாயி மேல போட்ட தீர்ப்பு செல்லாது. நிலம் அவ நிலம், கிணத்து முறை அவ முறை, இன்னிக்கே திருப்பிக் குடுத்தாகணும். சாவடியில இருந்தா நீயே போய்க் கதவைத் தொறந்துவிடு. ஒருவேளை, இதை வாசிக்கிறதுக்கு முந்தியே அவளை எல்லை தாண்டி அனுப்பியிருந்தா, நீ தேடிப் போகணும். குதிரையில போகாதே. அவ நடந்த வழியில நடந்து போ. கண்டுபிடிச்சதும் வான்னு அதட்டாதே, வாங்கன்னு கூப்பிடு. வரமாட்டேன்னு சொன்னா, சொல்றதுக்கு அவளுக்கு உரிமை இருக்கு. அப்பவும் கூப்பிடு.

ஒச்சாயி இன்னும் காட்டுக்குத் திரும்பலன்னா, அவ வர்ற வரைக்கும் அந்தப் பத்துப் பானைக்கும் நீதான் தண்ணி ஊத்தணும். நீ தேடிப் போற நாளுக்கு உன் வீட்டு ஆம்பளைங்க ஊத்தட்டும், வேலைக்காரங்க வேணாம். கிணத்துலேருந்து முந்நூறு அடி, குடம் தோள்ல. ரெண்டு நாளைக்கு ஒருக்க ஊத்தினாப் போதும்னு நந்தவனத்துல பாத்ததை வச்சுச் சொல்றேன். திரியில மண்ணு அடைச்சிருக்கான்னு பாத்துக்கோ, பானை வாயை மூடி வை, சுத்தி வைக்கோல் பரப்பி விடு. ஒரு கொடி செத்தாலும் எனக்கு எழுது. மறைக்காம எழுது.

நாப்பது வீட்டுக்கும், செடிமேல தண்ணி ஊத்தக்கூடாதுன்னு நான் போட்ட கட்டளையை எடுத்துட்டேன். காவலுக்கு நிக்கிறவங்களைக் கிணத்தடியிலேருந்து அனுப்பிடு. பானையில நிக்கிற தண்ணியை உசிரு மிச்சமிருக்கிற செடிக்கு உடனே ஊத்தச் சொல்லு. செத்த இடத்துக்கு மறுபடி விதை இங்கேருந்து வருது. கூத்தன் வேளார் தன் கொல்லையில கிடக்குற வேர்க்குற பானை இருநூறையும் ஏத்திக்கிட்டு நாளைக்குக் கிளம்புறாரு. சடையன் வண்டியும் கூட வருது, புது வைக்கோலோட. உங்க ஊர் மண்ணுலயே அவரு அங்க சூளை போட்டுச் சுடுவாரு. அதுல எதுலயும் முத்திரை இருக்காது. காலையில தண்ணி ஊத்தினா உச்சிப்பொழுதுக்குள்ள வெளிப்பக்கம் வேர்த்திருக்கணும், அப்படி வேர்த்தாத்தான் புதைக்கணும். அதுதான் இனிமே அடையாளம்.

ஏற்கெனவே குடுத்த நல்ல பானையை வீணாக்க வேணாம். எப்படித் துளைக்கிறதுன்னு ஒச்சாயிக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லித்தர மனசு இருக்கான்னு கேளு. இருந்தா துளை போடுற நல்ல இரும்புத் துறப்பணம் வாங்கிக் குடு, இன்னொருக்க அவ கையில தோல் உரியக்கூடாது. மனசு இல்லன்னு சொன்னா விட்டுடு. நம்ம கேட்டதும் குடுக்கணும்னு அவளுக்கு ஒண்ணும் இல்ல.

ஆனா சனங்க பயப்படுவாங்க. ராசமுத்திரையில கை வச்சவளைப் பறையடிச்சு அனுப்பினதை, இல்ல அனுப்ப இருந்ததை, பாத்தவங்க அவங்க. நாளைக்கு ஓட்டை போடுங்கன்னு நீ சொன்னா நம்பமாட்டாங்க, இது ஏதோ பொறின்னு நெனப்பாங்க. அதனால எல்லாரையும் கிணத்தடிக்கு வரச் சொல்லி, மொதப் பானையை நீ துளைக்கணும். முத்திரைக்கு நடுவுல. முடியற வரைக்கும் அங்கேயே உக்காந்து, ரெண்டு நாள் ஆனாலும் சரி.

ஒத்தைப்பனைக் கொடி நிழல்ல, வேம்பூர்க் கோட்டையில, பங்குனி மாசம் வளர்பிறை ஏழாம் நாள் புதன்கிழமை காலையில, சொக்கநாச்சி சொல்லச் சொல்ல ஓலைநாயகம் எழுதினது. உன் குடி தழைக்கட்டும், உன் சீமை நனையட்டும்.

கடைசியா முத்திரை விஷயம். ரெண்டு ஓலை உன் கையில இருக்கும். ஒண்ணு அவளை அனுப்புன்னு சொல்லும், இன்னொண்ணு அனுப்பாதேன்னு சொல்லும். ரெண்டுலயும் என் பனை முத்திரைதான். எதை நம்பறதுன்னு நீ தடுமாறக்கூடாது. அதனால இந்த ஓலைக்கு அரக்கு வச்சு முத்திரையைக் குத்தினதும், அது சூடு ஆறுறதுக்குள்ள, பனைக்கு நட்ட நடுவுல கோணி ஊசியால ஒரு ஓட்டை போட்டிருக்கேன். கொஞ்சம் கோணலாத்தான் விழுந்திருக்கு. முழுசா இருக்கற முத்திரையை விட்டுடு. ஓட்டை இருக்கறதுதான் நான்.